அடைக்கலமும் அடுக்களையும்
(விழாச் சிறப்புரையின் எழுத்து வடிவம்)



அன்னதானம், அபயதானம், ஔடததானம், சாத்திரதானம் என்னும் நால்வகைத் தானங்களை இந்த அவையிலுள்ள சிறுபிள்ளைகளும் அறிவர். பசித்தோர்க்கு உணவளித்தல் ஒவ்வொரு விழாவிலும் நிகழ்கிறது. மருத்துவ முகாம்கள் நடைபெறுகின்றன. மாணவர்க்கு நூல்களும் உதவித்தொகையும் வழங்கப்படுகின்றன. ஆக, நான்கனுள் மூன்றிற்கு வழி தெளிவாக இருக்கிறது. அபயதானம் ஒன்றே, எங்ஙனம் செய்வது என்று தெரியாமல் ஏட்டளவில் நிற்கிறது. அஞ்சி வந்தவர்க்கு அடைக்கலம் தருதல் என்று பொருள் கூறிவிட்டுப் பலரும் அதனைக் கடந்து விடுகின்றனர். இன்று அஞ்சுவோர் யார்? அவர்கள் எதற்கு அஞ்சுகின்றனர்?

அறுபது, எழுபது அகவையைக் கடந்த பெற்றோர் பலர் ஓர் அச்சத்தோடு உறங்கச் செல்கின்றனர். அவர்தம் பிள்ளைகளுள் ஒருவர் பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உடையவராக இருப்பார். அல்லது இருபது வயதில் மனச்சிதைவு நோய்க்கு ஆட்பட்டிருப்பார். அல்லது விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்வார். "எங்கள் காலத்திற்குப் பின் இவன் எங்கே இருப்பான்?" என்பதே அப்பெற்றோரின் அச்சம். ஒருவேளைச் சோறு போட உறவினர் உண்டு. மருந்து வாங்கித் தரவும் ஒருவர் கிடைப்பர். எங்கே இருப்பான் என்ற வினாவிற்குத்தான் விடை கிடைப்பதில்லை. அந்த விடையைத் தேடுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

மாதரி அளித்த மனை

அஞ்சி வந்தவர்க்கு இடமளிக்கும் மரபு இம்மண்ணிற்குப் புதிதன்று. 'அஞ்சினான் புகலிடம்' என்னும் தொடர் வடதமிழகத்துக் கல்வெட்டுகள் சிலவற்றில் காணப்படுகிறது. மயிலை சீனி. வேங்கடசாமி தமது 'சமணமும் தமிழும்' என்னும் நூலில் இதனை அபயதானத்தோடு தொடர்புபடுத்தி விளக்குகிறார். ஆயினும் அடைக்கலம் தருவது எவ்வாறு என்பதை மிக நுட்பமாகக் காட்டுவது சிலப்பதிகாரமே.

புகாரை விட்டு நெடுவழி நடந்து, எல்லாச் செல்வமும் இழந்து, மதுரையின் புறஞ்சேரியை வந்தடைந்த கண்ணகியை, அருகசமயத் துறவியாகிய கவுந்தியடிகள் ஆயர்குல முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அதற்கு ஒரு காதையையே ஒதுக்கி 'அடைக்கலக் காதை' என்று பெயரிட்டார் இளங்கோவடிகள். அடுத்து மாதரி செய்தவற்றைக் கவனித்தல் வேண்டும். வந்தவர்களைத் தன் வீட்டின் ஒரு மூலையில் அவள் ஒடுங்கச் செய்யவில்லை. ஆயர்பாடியிலேயே, செம்மண் பூசிப் பந்தரிட்ட, காவலுடைய சிறுமனை ஒன்றைத் தனியே அளித்தாள். தன் மகள் ஐயையைத் துணையாக அமர்த்தினாள். கோவலன் சாவக நோன்பி ஆதலின், பகற்பொழுதிலேயே உணவு சமைத்துக்கொள்ளத் தக்க நல்ல கலங்களைக் காலம் தாழ்த்தாமல் கொடுக்கச் செய்தாள். ஐயை அடுப்பில் தீ மூட்டினாள், சமைத்தவள் கண்ணகி.

கண்ணகி நோயாளி அல்லள். ஆனால் தன்னிடம் வந்தவர்க்கு என்ன தேவை என்பதை மாதரி அறிந்திருந்தாள். சோற்றைச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது அவளுக்கு எளிது. எனினும் கலங்களைக் கொடுத்தாள். வந்தவரின் நோன்பு என்ன, பழக்கம் என்ன என்று எண்ணிப் பார்த்தாள். தனிமனை, ஊர் நடுவே ஓர் இடம், உடன் ஒரு துணை, சொந்த அடுக்களை ஆகிய நான்கும் சேர்ந்ததே அவள் தந்த அடைக்கலம். தீ மூட்டுவதற்குத் துணை தேவைப்படலாம். அடுப்பு அவரவருடையதாக இருத்தல் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கும் நெடுநாள் நோயாளிகளுக்கும் உரிய துணையுடன் கூடிய குடியிருப்பு என்று இன்று உலகெங்கும் பேசப்படுவது இதுவேயாகும்.

அடைக்கலம் சிறையானபோது

இந்நான்கனுள் மூன்றை விட்டுவிட்டுக் கூரையை மட்டும் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழகத்திலேயே துயரமான சான்று உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஓலைக் கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. அங்கிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். அவர்களால் எழுந்து ஓட இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் பகைவர் அல்லர். பெற்றோரும் உடன்பிறந்தோரும் ஆவர். வேறு போக்கிடம் இல்லாமையே அவர்களை அங்கே அழைத்து வந்தது.

அதன்பின் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது, விதிகள் இறுகின. ஆனாலும் போக்கிடம் இல்லாமை நீங்கிவிடவில்லை. நாட்டிலுள்ள 43 அரசு மனநல மருத்துவமனைகளில் ஆய்வு செய்து 2019-ல் வெளியிடப்பட்ட அறிக்கை, அங்கிருந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 36 பேர் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டவர்கள் என்று கூறுகிறது. இவர்களுள் பலர் மருந்தால் தேறியவர்கள். நோய் தணிந்த பின்னும் அழைத்துச் செல்ல ஆளில்லை. சென்று சேர வீடில்லை. மருத்துவமனையின் கட்டில் எண் ஒன்றே அவர்களுக்கு முகவரியாகிறது. மணி அடித்தால் உணவு. விளக்கு அணைந்தால் உறக்கம். இன்று என்ன சமைப்பது என்று பல ஆண்டுகளாக அவர்களை ஒருவரும் கேட்டதில்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்நிலையை நேராகச் சுட்டிப் பேசுகிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, ஊருக்குள் வாழ வசதியில்லை என்னும் காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருத்தல் கூடாது என்று அதன் 19-ஆம் பிரிவு விதிக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊருக்குள் வாழ்வதை அவர்களது உரிமை என்கிறது. அதன் 37-ஆம் பிரிவின்படி, அரசின் வீட்டுத் திட்டங்களில் 5 விழுக்காடு அவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். அவ்வொதுக்கீட்டில் பெண்களுக்கு முன்னுரிமை உண்டு. சட்டம் வாசலைத் திறந்து வைத்துவிட்டது. ஆனால் வீட்டைத் தர வேண்டியவர்கள் வீடு உடையவர்களே.

உலகம் கற்ற பாடம்

பெல்ஜியம் நாட்டில் கீல் என்றோர் ஊர் உண்டு. மனநோயாளிகளின் காவலராகப் போற்றப்படும் திம்ப்னா என்னும் புனிதரின் கோயில் அங்கே உள்ளது. இடைக்காலத்தில் அக்கோயிலை நாடி நோயாளிகள் வந்து குவிந்தனர். கோயிலில் இடம் போதாமையால் ஊர்மக்கள் அவர்களைத் தத்தம் இல்லங்களில் தங்க வைத்தனர். பல நூற்றாண்டுகளாக அவ்வழக்கம் தொடர்கிறது. 1930-களின் இறுதியில் அவ்வூர்க் குடும்பங்களில் 3,700-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களை அவ்வூரார் நோயாளி என்று அழைப்பதில்லை. உடன் தங்குவோர் என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். தங்குவோர் வயலில் உதவினர், குழந்தைகளோடு விளையாடினர், குடும்பத்தோடு ஒரே மேசையில் உண்டனர்.

இன்று அந்த எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிட்டது. உழவு குறைந்தது, ஆணும் பெண்ணும் வெளியே பணிக்குச் செல்கின்றனர், பகலில் வீட்டில் இருப்பவர் இல்லை. தமிழகக் குடும்பங்களிலும் இதே மாற்றம் நிகழ்ந்துவிட்டது. கூட்டுக் குடும்பம் தாங்கியதைத் தனிக்குடும்பம் தாங்குவது அரிது. ஆதலால் உறவினரின் நல்லுள்ளத்தை மட்டும் நம்பி இவ்வினாவிற்கு விடை காண முடியாது. வீடு வேண்டும், ஊதியம் பெறும் துணையாளரும் வேண்டும்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1992-ல் சாம் செம்பெரிஸ் என்னும் உளவியலாளர் ஒரு புதுவழியைத் தொடங்கினார். தெருவில் வாழும் மனநோயாளி முதலில் மருந்துண்டு திருந்த வேண்டும், பின்னர் விடுதிக்கு வர வேண்டும், அங்கே நன்னடத்தை காட்டினால் இறுதியில் வீடு கிடைக்கும் என்பது அதுவரை இருந்த முறை. படிக்கட்டு போன்ற அம்முறையில் பலர் இடையிலேயே சறுக்கி விழுந்தனர். அவர் அதனைத் தலைகீழாக்கினார். முதலில் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். மருத்துவமும் பிற உதவியும் அந்த வீட்டின் வாசலுக்கு வந்தன. கனடா நாடு 2009 முதல் 2013 வரை 5 நகரங்களில் 2,000-க்கும் மேற்பட்டோரிடம் இம்முறையைச் சோதித்தது. ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், முதலிலேயே வீடு பெற்றோருள் 62 விழுக்காட்டினர் வீட்டிலேயே நிலைத்திருந்தனர். பழைய முறையில் உதவி பெற்றோருள் அவ்வாறு நிலைத்தவர் 31 விழுக்காட்டினரே. குணமான பின் வீடு என்று காத்திருத்தல் பயன் தராது. வீடே குணத்திற்கு முதற்படி என்பது தெளிவாயிற்று.

சென்னையில் கிடைத்த விடை

கடல் கடந்த சான்றுகள் எதற்கு என்று ஒருவர் கேட்கக்கூடும். விடை சென்னையிலும் உண்டு. 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம்பெண்கள், மனநோயோடு தெருவில் திரியும் பெண்களுக்காக 'தி பேன்யன்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். பேன்யன் என்பது ஆலமரம். முகப்பேரில் அவர்கள் நிறுவிய மனைக்கு 'அடைக்கலம்' என்றே பெயரிட்டனர். அங்கே வந்தவர்களுள் பலர் தேறித் தம் ஊருக்கும் உறவுக்கும் திரும்பினர். சிலருக்கு மட்டும் திரும்ப ஊரும் இல்லை, உறவும் இல்லை. நல்ல பராமரிப்பு இருந்தும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் இல்லத்திலேயே தங்க நேர்ந்தது.

அவர்களுக்காக 2015 அளவில் 'ஹோம் அகெய்ன்' என்னும் முறை தோன்றியது. மீண்டும் வீடு என்பது அதன் பொருள். நான்கைந்து பேர் ஒருவரையொருவர் விரும்பித் தேர்ந்துகொண்டு, சாதாரணத் தெருவில் உள்ள சாதாரண வாடகை வீட்டில் ஒரு குடும்பம்போல் குடியேறுகின்றனர். வாசலில் பெயர்ப்பலகை இல்லை, சீருடை இல்லை. துணையாளர் ஒருவர் உடனிருந்தோ வந்துபோயோ உதவுகிறார். அவர் பெரும்பட்டம் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்மணியாக இருந்தால் போதும். ஒருவர்க்கு மருந்தை நினைவூட்டினால் போதும். மற்றொருவர்க்குக் குளிக்கவும் கைகொடுக்க வேண்டும். தேவைக்கு ஏற்பத் துணையின் அளவு கூடும், குறையும். சந்தைக்குச் சென்று காய் வாங்குவதும், பண்டிகைக்குப் பலகாரம் செய்வதும், அண்டை வீட்டாரோடு பேசுவதும் அங்கே வாழ்வின் பகுதிகள். தமிழ்நாட்டில் தொடங்கிய இம்முறை கேரளம், மகாராஷ்டிரம், அசாம் முதலிய மாநிலங்களுக்கும் பரவியுள்ளது. மாதரியின் சிறுமனைக்கும் இதற்கும் இடையே நூற்றாண்டுகள் பல, நெறி ஒன்றே.

படியும் திண்ணையும்

உடல் ஊனமுற்றோர்க்கு இன்னொரு தடை உண்டு. மனிதர் மனத்தைத் திறந்தாலும் வீட்டுப்படி அவர்களைத் தடுத்துவிடும். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் உள்ள பூர்வீக வீடுகளை எண்ணிப் பாருங்கள். உயர்ந்த திண்ணை, மூன்று நான்கு படிகள், குனிந்து தாண்ட வேண்டிய நிலைப்படி, கொல்லையின் கோடியில் கழிப்பறை. கால் வலுவுள்ளவர்க்கு அழகாகத் தோன்றும் இவ்வமைப்பு, சக்கர நாற்காலியில் இருப்பவரைச் சொந்த வீட்டிலேயே சிறைப்படுத்திவிடும்.

இதனை மாற்றப் பெருஞ்செலவு தேவையில்லை. அளவு தெரிந்தால் போதும். சாய்தளம் ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் இருத்தல் வேண்டும். தரை இரண்டடி உயர்ந்திருப்பின் சாய்தளம் 24 அடி நீளும். முற்றத்தில் ஒருமுறை வளைத்துக் கட்டினால் அடங்கிவிடும். கதவின் அகலம் ஏறத்தாழ 3 அடி. நாற்காலியைத் திருப்புவதற்குக் கழிப்பறையில் ஏறத்தாழ 5 அடிச் சதுரம். சுவரில் கைப்பிடிக் கம்பி. உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் மின்பொத்தானும் அடுப்பு மேடையும். இவை முதியோர்க்கும் பயன்படுவன. இன்று மாற்றுத்திறனாளிக்காகச் செய்யும் சாய்தளத்தில் நாளை வீட்டுத் தலைவரே ஏறிச் செல்வார்.

நந்தா விளக்கும் நாட்கூலியும்

செலவை யார் ஏற்பது என்பது அடுத்த வினா. தமிழ்நாடு அரசு அறிவுசார் குறைபாடு, கடும் உடல் ஊனம், தசைச்சிதைவு முதலியவற்றுக்கு ஆளானோர்க்கு வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023-ல் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. தனியொருவர்க்கு இத்தொகை வீட்டு வாடகைக்குக் காணாது. நால்வர் ஒரு வீட்டில் சேர்ந்து வாழின் 8,000 ரூபாய் ஆகிறது. சிற்றூர் ஒன்றில் வாடகை 6,000 என்று கொண்டால், வாடகையை அவர்களே தருவர். இரந்து பெற்ற இடம் என்னும் எண்ணம் அங்கே எழாது. வாடகை தரும் குடித்தனக்காரர் என்ற மதிப்போடு அவர்கள் வாழ்வர். உணவுச் செலவில் ஒரு பகுதியைக் குடும்பச் சொத்தின் வருவாயும் சிறுதொழில் வருவாயும் ஈடுசெய்யும்.

எஞ்சுவது துணையாளரின் ஊதியம். இங்கேதான் பல நல்ல முயற்சிகள் தளர்ந்து விடுகின்றன. கட்டடம் எழுப்ப நன்கொடை எளிதில் கிடைக்கிறது. பெயரைக் கல்லில் பொறிக்கலாம். மாதந்தோறும் ஒரு பெண்மணிக்குத் தர வேண்டிய ஊதியத்தில் பெயர் பொறிக்க இடமில்லை. ஆனால் துணையாளர் இல்லாத கட்டடம், ஐயை இல்லாத சிறுமனையாகிவிடும்.

முன்னோர் இச்சிக்கலை அறிந்தே இருந்தனர். போளூருக்கு அருகிலுள்ள திருமலையில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், நன்னப்பையன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை நந்தா விளக்கிற்காகக் காசு அளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. விளக்கு ஒருமுறை ஏற்றினால் எரிந்து முடிந்துவிடும். நாள்தோறும் எண்ணெய் வார்க்க முதல் வைத்தால்தான் அது நந்தா விளக்கு. அக்காலத்தோர் விளக்கை மட்டும் கொடுத்து நின்றுவிடவில்லை. எண்ணெய்க்கும் வழி செய்தனர். துணையாளர் ஊதியத்திற்கென ஒரு வைப்புநிதியை ஏற்படுத்துவது அதற்கு நிகரான அறமாகும்.

அண்டை வீட்டாரின் அச்சம்

மனநோயாளிகள் குடிவந்தால் தெருவிற்கு ஆபத்து என்ற அச்சம் பலர்க்கு உண்டு. மனநோயுள்ளோர் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதும் ஏமாற்றப்படுவதுமே மிகுதி என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. வாடகை வராது, வீடு பாழாகும் என்பது வீட்டுக்காரரின் அச்சம். அமைப்பு ஒன்று பொறுப்பேற்று ஒப்பந்தம் எழுதும்போது வாடகை தவறாது, பழுதும் பார்க்கப்படும். எந்நேரமும் அழைக்கத்தக்க ஒருவரின் தொலைபேசி எண் அண்டை வீட்டாரிடம் இருந்தால், அச்சத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். அஞ்சுபவர்க்கு அபயம் தருவது அறமெனில், அண்டை வீட்டாரின் அச்சத்தையும் இகழாமல் பொறுமையோடு தீர்த்தல் அவ்வறத்தின் பகுதியே.

பெற்றோரிடம் மற்றொரு தயக்கம் உண்டு. தாம் உயிரோடு இருக்கும்போது பிள்ளையை வேறு வீட்டிற்கு அனுப்புவது கைவிடுவதாகும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில், பெற்றோர் மறைந்த மறுவாரத்தில், துக்கத்தோடு, முன்பின் அறியாத இடத்திற்குக் கொண்டுசெல்லப்படுவதே கைவிடப்படுதல். தாயும் தந்தையும் நலமாக இருக்கும்போதே வாரத்திற்கு இரண்டு நாள், பின்னர் நான்கு நாள் என்று புதுவீட்டில் பழகச் செய்தால், அவ்வீடும் அவர்க்குச் சொந்த வீடாகிவிடும். மகன் தன் கையால் காய்ச்சிய கஞ்சியைத் தாய் சென்று அருந்தி மகிழலாம். தமக்குப் பின்னும் அந்த அடுப்பு எரியும் என்று அறிந்து அவள் நிம்மதியாக உறங்கலாம்.

செய்யத்தக்கவை

செய்யத்தக்கவை சில உள்ளன. ஒவ்வோர் ஊரிலும் இத்தகைய குடும்பங்கள் எத்தனை என்று அறக்கட்டளை அமைதியாக, பெயரை வெளியிடாமல், கணக்கெடுத்தல் வேண்டும். ஊனச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் இல்லாதோர்க்கு அவற்றைப் பெற்றுத் தருதல் வேண்டும். அவை இன்றி எந்த உதவித்தொகையும் வராது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உடையோர்க்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். பெற்றோர் தம் காலத்திலேயே அதற்கு விண்ணப்பித்தல் நன்று.

அடுத்தது வீடு. நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் வீடுகள் ஊர்களில் பூட்டிக் கிடக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவிற்கு மட்டும் திறக்கப்படும் கதவுகள் அவை. அவற்றுள் ஒன்றை, இலவசமாக வேண்டாம், நியாயமான வாடகைக்குத் தந்தால் போதும். புதுக்கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டக் காத்திராமல், ஒரு வீடு, ஒரு துணையாளர், நான்கு பேர் என்று தொடங்கலாம்.

அவ்வீட்டில் உணவு சமைக்கப்படும். மருந்து வேளைக்கு வழங்கப்படும். சந்தைக் கணக்கும் எழுத்தும் கற்பிக்கப்படும். அஞ்சினவர்க்கு அச்சம் தீரும். நால்வகைத் தானமும் அந்த ஓட்டுக்கூரையின் கீழ் ஒருங்கே நிகழும். பூட்டிய வீட்டின் சாவி எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை இல்லம் திரும்பியதும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.